மூங்கில் அரிசிப் பிடித்தம்

இந்தக் கதை எனக்கு நேராகத் தெரிந்ததல்ல. வால்பாறைப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்த எஸ்தர் அக்கா சொன்னார். அவருக்குத் தோட்டத்தில் கூட வேலை பார்த்த யாரோ சொன்னார்களாம். வழியில் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு மண்கரை. போன மழையில் கரையின் நடுவே ஒரு பக்கம் சரிந்து, பெரிய உடைப்பாகிக் கிடந்தது.

கரைக்குக் கீழே கூழாங்கல் தரையில் ஓர் ஆள்காட்டிப் பறவை அடைகாத்தது. ஆள்காட்டி கூடு கட்டாது. கல்லோடு கல்லாக முட்டையை வைத்துவிடும். வைத்த முட்டையை இடம் மாற்ற அதற்குத் தெரியாது. அடுத்த மழையில் தண்ணீர் அந்த உடைப்பு வழியே பாய்ந்தால் முதலில் போவது அந்த முட்டைகள்தான்.

அதனால் ஆள்காட்டிக்குத் தூக்கமே இல்லை. காற்று அடித்தால் கத்தும். மேகம் நகர்ந்தால் கத்தும்.

"கொஞ்ச நேரம் சும்மா இரேன்! நீ கத்துறதைக் கேட்டே முட்டைக்குள்ள குஞ்சு பயந்துடும்!" என்றது அதன் கணவன்.

"பயப்படட்டும். பயந்தாத்தான் சீக்கிரம் வெளியே வரும்!" என்றது ஆள்காட்டி.

கரையின் உடைப்பை அடைக்கக் காட்டுப்பன்றிகளால் முடியும். ஆனால் பன்றிகள் கூலி கேட்டன.

"சும்மா மண்ணு தோண்ட நாங்க என்ன மண்புழுவா? ஒரு குழி நிறைய மூங்கில் அரிசி வையுங்க. குழி நிரம்பின அன்னிக்கு மூக்கை மண்ணுல வைக்கிறோம்!" என்றது தலைவன் பன்றி.

இன்னொரு செலவும் இருந்தது. மேலே ஓடையில் மரங்கள் விழுந்து கிடக்கும். மழை வந்தால் அவற்றின் பின்னால் தண்ணீர் தேங்கி, திடீரென்று உடைத்துக்கொண்டு பாயும். மலை மேல் இருக்கும் யானைகள்தான் அந்த மரங்களை இழுத்துப் போடும். அவற்றுக்கும் ஒரு குழி அரிசி போக வேண்டும்.

அந்த வருடம் மூங்கில் பூத்திருந்தது. காடெல்லாம் அரிசி. எல்லார் வீட்டிலும் அரிசி. ஆனால் "கரைக்குக் கொடுங்கள்" என்றால் யாரும் கொடுக்கவில்லை.

"நான் மரத்துல இருக்கேன். எனக்கெதுக்குக் கரை?" என்றது அணில்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்றது நீர்நாய்.

குளத்தின் மூத்த ஆமைக்கு ஒரு யோசனை வந்தது. "தானமா கேட்டா ஓடுறாங்க. ஆட்டமா வெச்சா ஓடி வருவாங்க!"

நம் ஊர்க் கல்யாணத்தில் தம்போலா ஆடுவார்களே, ஏறக்குறைய அதுதான். எல்லாரும் வட்டமாக உட்கார்வார்கள். ஒரு பிடி அரிசி கொடுத்தால் ஒரு தேக்கிலை. ஒவ்வோர் இலையிலும் ஐந்து மரங்களின் அடையாளத்தை மரங்கொத்தி கீறி வைத்திருக்கும். கிளி ஒரு சுரைக்குடுக்கைக்குள் தலையை விட்டு ஒரு விதையை எடுக்கும். "நாவல்!" என்று கூவும். நாவல் மரம் உள்ள இலைக்காரர் "உண்டு!" என்று உரக்கக் கத்த வேண்டும். உடனே மரங்கொத்தி வந்து அந்த இலையில் ஒரு துளை போடும். ஐந்து துளையும் யாருக்கு முதலில் விழுகிறதோ, குவிந்த அரிசி முழுவதும் அவருக்கு.

கத்தாதவருக்குத் துளை இல்லை. இந்த விதி முதல் ஆட்டத்திலேயே வந்துவிட்டது. ஆட்டம் முடிந்த பிறகு முயல் ஓடி வந்து, "எனக்கும் நாவல் இருந்துச்சு, சொல்ல மறந்துட்டேன்!" என்று அழுது, பெரிய தகராறு ஆகிவிட்டதே, அதனால்.

ஜெயித்த அரிசியில் பத்துப் பிடிக்கு ஒரு பிடி பிடித்தம். பிடித்தத்தில் பாதி கரைக்குழிக்கு, பாதி யானைக்குழிக்கு. அவ்வளவுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இரண்டாம் ஆட்டத்தில் மயில் ஜெயித்தது. ஆமை பிடித்தத்தை எடுத்துவிட்டு மீதியை நகர்த்தியது. மயிலுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"எல்லாரும் பார்க்கிறப்போ என் பரிசைக் குறைச்சுக் கொடுக்கிறீங்களே! இது மரியாதையா, ஆமையாரே?"

ஆமைக்கு யார் மனதையும் நோகடிக்கப் பிடிக்காது. "சரிதான். வட்டத்துல முழுசாக் கொடுப்போம். எல்லாரும் கைதட்டட்டும். பிடித்தத்தை அப்புறம் வீட்டுல போய் வாங்கிக்கலாம்" என்றது.

"யாரு போய் வாங்குறது?"

எல்லாரும் நாட்டுக்குரங்கைப் பார்த்தார்கள். பிடி அளக்கக் கை வேண்டும். கருங்குரங்கான கருமந்திக்கும் கை உண்டு. ஆனால் அது கூச்சக்காரி. உச்சிக் கிளையில் உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருக்கும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாட்டுக்குரங்கோ எல்லார் வீட்டுக்கும் தெரிந்தவன்.

"உங்களுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டேனா? பொதுக்காரியம்!" என்றது குரங்கு.

அன்றிலிருந்து குரங்கு ஜெயித்தவரோடு அவர் இருப்பிடம் போகும். அளந்து வாங்கும். இரண்டு கையிலும் அரிசியை ஏந்தி, பின்னங்காலால் நடந்து வரும். இந்தக் குழியில் ஒரு கை, அந்தக் குழியில் ஒரு கை கொட்டும். பிறகு வெறுங்கையை விரித்து எல்லாரிடமும் காட்டும். "பார்த்தீங்களா!" என்பது போலத் தலையை ஆட்டும். அப்புறம் அத்திமரத்தில் ஏறி இளைப்பாறும்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஆள்காட்டி மட்டும் தட்டவில்லை.

இரண்டு குழிகளும் அதன் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. அடைகாக்கிற பறவைக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? ஆட்டத்துக்கு ஆட்டம் பரிசு பெரிதாகிக்கொண்டே போனது. குழிகளோ நிரம்பவே இல்லை.

ஒரு நாள் மயில் அந்தப் பக்கம் வந்தது.

"மயிலக்கா, நேத்து ஜெயிச்சதுக்குப் பிடித்தம் எவ்வளவு கொடுத்தீங்க?"

"நாலு பிடி. முறைப்படிக் கொடுத்தேன். என் மேலயே சந்தேகமா?"

"ஐயோ, உங்க மேல இல்லை!"

குழிகளில் விழுந்தது இரண்டே கை. ஆள்காட்டி பார்த்திருந்தது. குரங்கு அத்திமரத்திலிருந்து இறங்கி வரும்வரை காத்திருந்து, கத்திவிட்டது.

"பிடித்தம் குறையுது! ஆமையாரே, பிடித்தம் குறையுது!"

கூட்டம் கூடியது. குரங்கு சிறிதும் பதறவில்லை.

"வழியில சிந்தும் தங்கச்சி. காத்து அடிக்குதில்லே?"

"சிந்தினா அணில் விடுமா? வழியெல்லாம் அணில் நடமாட்டம்தானே!"

"என்னை ஏன் இழுக்கிறே? நான் பார்த்தது உமிதான்!" என்று அணில் மரத்திலிருந்து கத்தியது.

குரங்கு கையை விரித்தது. அக்குளைத் தூக்கிக் காட்டியது. வாலைச் சுழற்றிக் காட்டியது. கடைசியில் வாயையும் ஆவென்று திறந்தது. "நல்லாப் பாருங்க! தொண்டை வரைக்கும் பாருங்க!"

வாய் காலியாக இருந்தது.

"நிழலைக் கண்டாலும் கத்துறவ. இவ பேச்சைக் கேட்டு ஒரு நல்லவனை அவமானப்படுத்திட்டோமே!" என்றது நீர்நாய்.

ஆமை வருத்தத்தோடு ஆள்காட்டியைப் பார்த்தது. "அம்மா, உன் பயம் எனக்குப் புரியுது. ஆனா இன்னொரு தடவை ஆதாரம் இல்லாம யார் மேலயாவது பழி போட்டா, நீ இந்தக் குளத்தை விட்டுப் போகணும். இது என் பேச்சு இல்லை, எல்லாரோட பேச்சு."

ஆள்காட்டி முட்டைகளைப் பார்த்தது. குளத்தை விட்டுப் போகலாம். முட்டைகளை எப்படி எடுத்துக்கொண்டு போவது?

கூட்டம் கலைந்ததும் கணவன் கேட்டது. "இப்போ திருப்தியா?"

"ஒருவேளை நான்தான் தப்பாப் பார்த்தேனோ?"

"அதை முன்னாடியே நினைச்சிருக்கணும்."

"ஆனா ஒண்ணு கவனிச்சியா? குரங்கண்ணன் போகும்போது வழியெல்லாம் பேசிட்டுப் போறார். 'என்ன முயலே, சௌக்கியமா? என்ன மானே, கன்னுக்குட்டி எப்படி?' திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசறதில்லை. தலையை மட்டும் ஆட்டுறார். அத்திமரம் ஏறி இறங்கினப்புறம்தான் மறுபடி பேச்சு வருது!"

"களைச்சிருப்பார்."

"களைச்சவர் மரம் ஏறுவாரா?"

கணவன் விடவில்லை. "பல்வலியா இருந்தா?"

ஆள்காட்டிக்கும் அந்தப் பயம் இருந்தது. பல்வலியாக இருந்தால் ஊரே தன்னைத் துரத்தும். அத்திமரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்றால், ஆள்காட்டியின் காலுக்குக் கிளையைப் பிடித்து உட்கார வராது. கிளியைக் கேட்டது.

"எனக்கும் அவருக்கும் ஒரே மரத்துல பழம். நான் வாழணுமா வேண்டாமா? ஆளை விடு தாயே!" என்று கிளி பறந்துவிட்டது.

அதற்குள் மேற்கே மேகம் கறுத்துவிட்டது. காற்றில் ஈரம். தவளைகள் பகலிலேயே கத்தத் தொடங்கின. கரைக்குழி பாதிகூட நிரம்பவில்லை. பன்றிகள் குழியை எட்டிப் பார்த்து, முகர்ந்து, திரும்பிப் படுத்துக்கொண்டன.

மழைக்கு முந்தின கடைசி ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள். காட்டில் இருக்கிற அரிசியெல்லாம் வந்து குவிந்தது. அன்று காலை நடந்த முந்தைய ஆட்டத்தில் மான் ஜெயித்திருந்தது. பரிசு பெரியது, பிடித்தமும் பெரியது. குரங்கு மானோடு போயிருந்தது.

ஆள்காட்டி கணவனை முட்டைகளின் மேல் உட்காரவைத்துவிட்டு, ஆமையிடம் ஓடியது.

"ஆமையாரே, மேகத்தைப் பாருங்க! குரங்கண்ணன் வந்த உடனே ஆட்டத்தைத் தொடங்கிடுங்க. மழை வந்தா இலையெல்லாம் நனைஞ்சு போகும்!"

"அதுவும் சரிதான்."

"இன்னொண்ணு. அவர் எவ்வளவு அலையறார்! ஒரு தடவைகூட அவர் கையில இலை இல்லை. அன்னிக்கு நான் பேசினதுக்கு மன்னிப்பா, என் செலவுல அவருக்கு ஒரு இலை!"

ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பத்தான் நீ நல்ல பிள்ளை!"

ஆள்காட்டிக்குக் கூச்சமாக இருந்தது. அது சொன்னது முழுப் பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல.

குரங்கு வந்தது. இரண்டு கையிலும் அரிசி. குழிகளில் கொட்டியது. கையை விரித்துக் காட்டியது. தலையை ஆட்டிவிட்டு அத்திமரத்தைப் பார்த்து நடந்தது.

"குரங்கண்ணே, எங்க போறீங்க? ஆட்டம் தொடங்கப் போகுது. இந்தாங்க உங்க இலை!"

குரங்கு நின்றது. கையால் மரத்தைக் காட்டியது.

"அப்புறம் இளைப்பாறலாம் அண்ணே! எவ்வளவு பெரிய குவியல் பாருங்க!" என்றார்கள் எல்லாரும்.

குரங்கு குவியலைப் பார்த்தது. அப்படியொரு குவியலை அது கண்டதே இல்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். அது பேசாமல் உட்கார்ந்து இலையை வாங்கிக்கொண்டது.

கிளி குடுக்கைக்குள் தலையை விட்டது. "வேங்கை!"

"உண்டு!" என்றது முயல்.

"புங்கு!"

"உண்டு! உண்டு!" என்று நீர்நாய் குதித்தது.

"நெல்லி!"

நெல்லி குரங்கின் இலையில் இருந்தது. குரங்கு "ம்ம்!" என்று கையைத் தூக்கியது.

"கத்திச் சொல்லுங்க அண்ணே. கத்தாதவருக்குத் துளை இல்லை!" என்றது மரங்கொத்தி.

"ம்ம்! ம்ம்ம்!"

"என்ன அண்ணே, மாடு மாதிரி? விதி விதிதான்!"

துளை விழவில்லை. கூட்டம் சிரித்தது. ஆள்காட்டி சிரிக்கவில்லை.

"இலுப்பை!"

இலுப்பையும் குரங்குக்குத்தான். குரங்கு இலையைத் தூக்கி ஆட்டியது. தரையைத் தட்டியது. "ம்ம்ம்!"

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லையோ?" என்றது மான்.

"பல்வலி போலிருக்கு" என்றது மயில்.

ஆள்காட்டிக்கு உயிரே போய்விட்டது. பல்வலி! அப்படியானால் எல்லாம் முடிந்தது. முட்டைகள் இருக்கும் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தது.

அடுத்துக் கூவிய மரங்களில் இரண்டு முயலுக்கு விழுந்தன. "மருது!" என்று கூவியது கிளி.

"உண்டு!" என்றது முயல். முயலுக்கு நான்கு துளை ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான்.

குரங்கு முயலைப் பார்த்தது. குவியலைப் பார்த்தது. அதன் இலையில் இரண்டு துளைகள் ஏற்கெனவே விழுந்திருக்க வேண்டியவை போலவும், அரிசியெல்லாம் தன்னுடையதே போலவும் அதற்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அத்தி!"

அத்தி! தினமும் ஏறி இறங்கும் சொந்த மரம்! குரங்கு துள்ளி எழுந்தது.

"உண்ட்..."

அரிசி கொட்டியது. இடது கன்னத்திலிருந்து கொட்டியது, வலது கன்னத்திலிருந்து கொட்டியது. மரங்கொத்தியின் கொண்டையிலெல்லாம் அரிசி. குரங்கு இரண்டு கையாலும் வாயைப் பொத்தியது. விரலிடுக்கு வழியாகவும் கொட்டியது.

எல்லாரும் சிந்திய அரிசியைப் பார்த்தார்கள்.

"பாதுகாப்புக்காக வெச்சிருந்தேன்!" என்றது குரங்கு. இப்போது அதன் குரல் தெளிவாக இருந்தது.

"ஓகோ! பல்லுக்குப் பூட்டு போட்டிருக்கீங்களா அண்ணே?" என்றது கிளி. தைரியம் வந்துவிட்டது. அத்திமரப் பொந்துக்குப் பறந்து போய் எட்டிப் பார்த்து அங்கிருந்தே கூவியது. "பொந்து நிறைய! கழுத்து வரைக்கும் அரிசி!"

"அலையறேனே, எனக்குக் கூலி வேண்டாமா?" என்றது குரங்கு.

"வேணும்னா கேட்டிருக்கலாமே! கொடுத்திருப்போம்!" என்றது ஆமை. "கேக்காம ஏம்பா எடுத்தே?"

குரங்கு கன்னத்தைத் துடைத்துக்கொண்டது.

முதல் துளி விழுந்தது.

அதற்கு மேல் வழக்குப் பேச நேரமில்லை. அணில்களும் கிளிகளும் பொந்திலிருந்து அரிசியை அள்ளின. முயல் தன் இலையைக் கீழே போட்டுவிட்டு அவற்றோடு ஓடியது. கடைசி ஆட்டம் அப்படியே நின்றது. வட்டத்தின் நடுவிலிருந்த குவியலைக் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று ஆமை சொன்னது. "இப்போ அதுவா முக்கியம்?" என்று மயிலே சொல்லிவிட்டு, தன் பங்கைக் கரைக்குழியில் தள்ளியது.

குழி நிரம்பியது. பன்றிகள் எழுந்து சோம்பல் முறித்தன.

"வாங்கடா, மழைக்கு முன்னாடி முடிக்கணும்!"

"மழை வந்தாச்சு அண்ணே."

"அப்போ மழையோட முடிக்கணும்! தோண்டு!"

யானைகளின் பங்கை மேலே கொண்டு போக யார்? தரையில் சேறு. சுமையோடு மரத்தின் மேலேயே போகத் தெரிந்தவர்கள் இருவர். ஒருவன் குரங்கு. அவனை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தலையைத் தூக்கி உச்சிக் கிளையைப் பார்த்தார்கள்.

கருமந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு மெதுவாக இறங்கி வந்தது. அரிசி கட்டிய தேக்கிலைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கிளைக்குக் கிளை தாவி மறைந்தது.

அன்று சாயங்காலம் வரை மழை நிற்கவில்லை. மேலே மரங்கள் முறியும் ஓசை கேட்டது. வெள்ளமா, யானைகளா என்று தெரியாமல் ஆள்காட்டி முட்டைகளை அணைத்துக்கொண்டு கிடந்தது. "கத்தேன், இப்பவாவது கத்தேன்!" என்றது கணவன். ஆள்காட்டிக்குக் குரல் வரவில்லை.

தண்ணீர் வந்தது. ஆனால் ஒரே பாய்ச்சலாக வரவில்லை. ஏறி ஏறி வந்தது. கரையின் புது மண்ணைத் தொட்டது. பன்றிகள் அந்த மண்ணின் மேல் உடம்பைச் சாய்த்துப் படுத்துக்கொண்டன. கரை நின்றது.

மழை விட்டு வெயில் வந்த நாளில் முட்டைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். அவை ஓடின. தாய் பின்னாலேயே ஓடியது, "பள்ளம்! கல்லு! தண்ணி!" என்று கத்திக்கொண்டே. யாரும் அதைச் சும்மா இரு என்று சொல்லவில்லை.

அடுத்த ஆட்டத்துக்குக் கருமந்தியை அழைத்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு என்னையும் சந்தேகப்படுவீங்க" என்றது அது.

"படுவோம்" என்றது ஆள்காட்டி. "அதுக்காகத்தான் நீங்க யார் வீட்டுக்கும் போக வேண்டாம். பரிசு கைமாறுறதுக்கு முன்னாடி, வட்டத்தோட நடுவுல, எல்லாரும் பார்க்க அளந்து எடுங்க. அங்கேயே ரெண்டு பங்கா வைங்க. அளக்கிறதுக்கு உங்க கூலியையும் எல்லாரும் கேக்கச் சொல்லிட்டு எடுத்துக்குங்க. நீங்க நல்லவங்கன்னு நாங்க நம்பணும்கிற அவசியமே இருக்கக் கூடாது."

"என் பரிசு குறைஞ்சு தெரியுமே!" என்றது மயில், பழக்கதோஷத்தில்.

"குறையட்டும்கா. எவ்வளவு குறைஞ்சுதுன்னு நீங்களே பார்ப்பீங்க!"

குரங்கு இப்போதும் ஆட வருகிறதாம். ஒவ்வொரு முறையும் இலை வாங்கும் முன் மரங்கொத்தி அதை வாய் திறந்து பெயரைச் சொல்லச் சொல்லுமாம்.

பொதுக் காரியத்துக்கு எடுக்கும் பங்கை, எடுக்கிற இடத்திலேயே எல்லார் கண்முன்னும் அளந்து பிரித்துவிட வேண்டும். யார் மனமும் நோகக் கூடாது என்று அதை மறைவில் வாங்க விட்டால், நல்ல ஏற்பாடும் கெட்டுப்போகும்.

எஸ்தர் அக்கா சொன்னபோது ஒரு விஷயத்தை நான் நம்பவில்லை. பிறகு நூலகத்தில் விலங்கியல் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நாட்டுக்குரங்குக்கு இரண்டு கன்னத்திலும் உணவைச் சேர்த்து வைக்கப் பை உண்டு. கருமந்திக்கு அது கிடையாது.